வாய் கவிழ்ந்த சங்குகள்

பத்து மணி பத்து நிமிடம். சுவர்க் கடிகாரம் என் கைக்கடிகாரத்தைவிட இரண்டு நிமிடம் முந்துகிறது. விமான நிலையத்துக் கடிகாரம் தப்பாக இருக்காது, தப்பு என்னுடையதுதான் என்று திருகி வைக்கப் போனேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இது கோயில் மணிக்கு வைத்த நேரம். நாற்பத்தாறு வருடம் நெடுமணல் தீவு இந்த நேரத்துக்குத்தான் எழுந்தது, படுத்தது. மணி அடித்தது நான், எங்கள் மாதா கோயிலின் கோயில்பிள்ளை. இப்போது அந்த மணி எனக்கு எதிரே கண்ணாடிக்குள் இருக்கிறது, நாக்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த அறைக்கு நினைவுக்கூடம் என்று பெயர். விமானம் ஏற வந்தவர்கள் நேரம் இருந்தால் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அடுத்த மாதம் திறக்கிறார்கள். ஒரு வள்ளத்தை நீளவாக்கில் பாதியாக அறுத்துச் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள், மறுபாதி எங்கே என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வலப்பக்கச் சுவரில் கருங்கல் பதிக்க இடம் விட்டிருக்கிறது. அந்தக் கல்லில் தீவின் கணக்கு வரும், எத்தனை வீடு, எத்தனை வள்ளம், எத்தனை கிணறு, எத்தனை கல்லறை. கணக்கு நான் ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. கல்லில் வெட்டிவிட்டால் திருத்த முடியாது, அதனால் ஒருமுறை பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "ஐயா, ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க, பேப்பரை எடுத்துட்டு வந்துர்றேன். அப்புறம் ஒரு பொருள் காட்டணும், அது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று இந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் மஞ்சரி சொல்லிவிட்டுப் போய் ஏழு நிமிடம் ஆகிறது. பக்கத்தில் என் மனைவி சலேத் மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருக்கிறாள். பையில் என்ன என்று பஸ்ஸில் கேட்டேன். சாப்பாடு என்றாள். சாப்பாட்டை யாரும் இப்படிப் பிடிக்க மாட்டார்கள்.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. புது நெடுமணல் காலனிக்கு வந்த ஆறு வருடத்தில் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எங்கும் போகாதவள், காலையில் பார்த்தால் திருநாள் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், "நானும் வாரேன்" என்கிறாள். பதினான்கு கிலோமீட்டர், இரண்டு பஸ். காலனி நிறுத்தத்தில் பெர்க்மான்ஸ் இருந்தான், நாற்பது வருடம் தோணி ஓட்டினவன், இப்போது ஓட்டத் தோணியும் இல்லை, பக்கத்தில் கடலும் இல்லை, நாள் முழுக்க நிறுத்தத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் வாயைக் கொடுப்பான். "ஏ கோயில்பிள்ளை, உமக்கு ஏரோப்பிளேன்ல சீட்டுப் போட்டாச்சாமே. மேல போயி ஆத்துமாக்களை எண்ணப் போறீராக்கும்?" என்றான். நிறுத்தமே சிரித்தது. எனக்குப் பதில் எப்போதும் பஸ் போன பிறகுதான் வரும். சலேத்தான் சொன்னாள், "மேல ஒரு எடம் காலி இருக்காம் அண்ணே, ஒமக்குத் துண்டு போட்டுட்டு வாரோம்." அவன் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "கெணறு கெடக்கா பாத்துட்டு வாங்க" என்றான். கிணறு கிடக்கிறது. நிலையத்து வாசலில் புல்தரை போட்டு, கோயில் கிணற்றை மேலே உயர்த்திக் கட்டி, வாயைக் கண்ணாடியால் மூடி, சுற்றிலும் விளக்கு வைத்திருக்கிறார்கள். தீவில் இருந்த இடத்தில் இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இரண்டு ஆள் உயரம் செம்மண் கொட்டி, தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த கடற்கழியைத் தூர்த்து, மேலே தார் போட்டு, பழைய ஓடுபாதையோடு சேர்த்தாயிற்று. கிணறு அங்கேதான் இருக்கிறது என்றால் மற்றதெல்லாம் எங்கே என்று எனக்குத் தெரியும். எல்லாம் காலடிக் கணக்குதான்.

அதை நான் செய்திருக்கக் கூடாது. சீக்கிரமே வந்துவிட்டோம், நேரம் இருந்தது, கிணற்றில் முதுகை வைத்து வெயிலைப் பார்த்துத் திசை பிடித்து நடந்தேன். கிணற்றிலிருந்து கோயில் வாசல் நாற்பது அடி. வாசலிலிருந்து கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவர் அறுபத்திரண்டு. கால் வயதாகிவிட்டது, இப்போது என் அடி சின்னது, நாற்பதுக்கு நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். சுவரைத் தாண்டிப் பதினொன்று. சாமான் வைத்துத் தள்ளுகிற வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாக நிறுத்தியிருந்த இடத்தில் வந்து முடிந்தது. ஐம்பத்தேழு வண்டி. எண்ணிக்கொண்டு நின்றேன். சலேத் பின்னாலேயே வந்து நின்றாள், எங்கே போறீரு என்றுகூடக் கேட்கவில்லை. "கால் மரத்துப்போச்சு" என்று நானாகச் சொன்னேன். காவலுக்கு நின்ற பையன் வந்து, "பெரியவரே, டிக்கெட் இருக்கா? இல்லன்னா இங்க நிக்கக் கூடாது" என்றான். இங்கே அறுபத்தெட்டு வருடம் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம், அது இப்போதுதான் தோன்றுகிறது. மஞ்சரி அனுப்பிய கடிதத்தைக் காட்டினேன். உள்ளே பையை ஒரு பெட்டிக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். நான் சட்டைப்பையில் இருந்ததைத் தட்டில் எடுத்து வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன், மூக்குக்கண்ணாடி, ஜெபமாலை, பேனா, சாவி, நான்கு. அந்தப் பக்கம் காவல்காரப் பெண் சலேத்திடம், "இது பூஜைக்கா பாட்டி?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஆமா" என்றாள் சலேத். ஜெபமாலையைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஜெபமாலை என்னிடம் அல்லவா இருந்தது.

பத்து மணி பதினான்கு. ஒரு விமானம் இறங்குகிறது, கண்ணாடி அதிர்கிறது, கழற்றி வைத்த மணி நாக்கும் ஒரு நூல் அசைகிறது. இருநூற்றுப் பதினான்கு. கல்லறைகள் இருநூற்றுப் பதினான்கு. அதுதான் நான் கொடுத்த கணக்கு. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, சிலுவை சிலுவையாகச் சரிபார்த்து எழுதினேன், ஐந்தாம் வகுப்பு படித்தவன் என்றாலும் என் எழுத்து கோணாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டி செய்தார்கள், பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார், தோண்டி எடுத்தபோது ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் நின்று நான் எண் போட்டேன். காலனியின் புதுக் கல்லறைத் தோட்டத்தில் வரிசைக்குப் பதினெட்டாகப் பன்னிரண்டு வரிசை, கடைசி வரிசையில் இரண்டு இடம் காலி. அந்த இரண்டு யாருக்கு என்று நானும் சலேத்தும் பேசிக்கொண்டதில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும். ஒரு பெட்டி தவறவில்லை. ஒரு பெயர் மாறவில்லை. எல்லாரும் சொன்னார்கள், தொம்மை கோயில்பிள்ளை இல்லாவிட்டால் நம்ம அப்பன் தாத்தா எலும்பெல்லாம் கலந்துபோயிருக்கும் என்று. அளவு எடுக்க வந்த அதிகாரி நல்ல மனுஷர். பேனாவை மூடப் போனவர் மறுபடியும் திறந்து கேட்டார், "இது தவிர வேற ஏதாவது உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க." நான் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, மனதில் அது மட்டும்தான் இருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள், அவர்களில் நான்கு பேருக்குத் தெரியும், நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். "பதிவேட்டில உள்ளது அவ்வளவுதான் சார்" என்றேன். அது பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பதிவேட்டில் உள்ளது அவ்வளவுதான்.

பதிவேட்டில் இல்லாதது இருபத்துமூன்று. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் அடக்குகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. சுவருக்கு வெளியே, மேற்கே, கடலைப் பார்த்த மணலில் வைப்போம். பூசை இல்லை, மணி இல்லை, பெயர் இல்லை, பதிவு இல்லை. தகப்பன் மட்டும் ஓலைப்பெட்டியில் எடுத்துப்போவான். மூடிய இடத்தில் சிலுவை நட மாட்டோம், ஒரு சங்கை வாய் கீழே இருக்கும்படி மணலில் கவிழ்த்து அழுத்தி வைப்போம், காற்று புகுந்து ஊதக் கூடாது என்று. எந்தச் சங்கு என்று தாயிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்குச் சோறு பொங்க மாட்டாள் என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. பெண்கள் கேட்கவும் மாட்டார்கள். கல்லறைத் திருநாளன்று சுவர் ஓரமாக வந்து, எதற்கென்று இல்லாமல் பொதுவாக ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு வந்த சாமிமார் இதெல்லாம் இப்போது இல்லை, எல்லாப் பிள்ளையும் ஆண்டவர் பிள்ளைதான், உள்ளேயே வையுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு போனதுகள் உள்ளே வந்தன, பதிவேட்டுக்கும் வந்தன. அதற்கு முன்னால் போன இருபத்துமூன்று வெளியேயே இருந்தன. மாலை மணி அடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழி அதுதான். நான் தினமும் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. மணல் மூடினால் விலக்கி வைப்பேன், ஆடு புரட்டினால் திருப்பி வைப்பேன். எதன் முன்னாலும் நிற்க மாட்டேன். நின்றால் யாராவது பார்த்து அது என்னுடையது என்று சொல்லிவிடுவார்கள், அது சலேத் காதுக்குப் போய்விடும். நடையைக்கூடக் குறைத்ததில்லை. அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன், கவனமாகத்தான் இருந்தேன்.

நாற்பத்தொன்பது வருடம். ஐப்பசி, கடல் கொந்தளித்த வாரம், சாமி வருகிற தோணி வரவில்லை. பெண் குழந்தை. அது உயிரோடு பிறந்தது. இதை நான் மனதுக்குள் சொல்லும்போதுகூட மெதுவாகத்தான் சொல்லுவேன். அது உயிரோடு பிறந்தது, அழவில்லை, ஆனால் வாய் திறந்து திறந்து மூடியது, மருத்துவச்சி என்னைப் பார்த்து, "கோயில்பிள்ளை, நேரமில்ல, தண்ணிய ஊத்தும்" என்றாள். ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானத் தண்ணீரை யாரும் ஊற்றலாம், வார்த்தை எனக்குத் தெரியும், மூன்று வருடமாகச் சாமி பக்கத்தில் நின்று கேட்ட வார்த்தை. தண்ணீர் வாசலில் குடத்தில் இருந்தது, அன்று காலையில் கோயில் கிணற்றில் சலேத்தே இறைத்துக் கொண்டுவந்தது. நான் அந்தக் குடத்தைத் தாண்டி ஓடினேன். கோயிலில் மந்திரித்த தீர்த்தம் இருக்கிறது, அதுதான் முறை, எதையும் முறையாகச் செய்கிறவன் என்று எனக்குப் பெயர். வீட்டிலிருந்து கோயில் நூற்றைம்பத்தாறு அடி. போக வர முந்நூற்றுப் பன்னிரண்டு. கிண்ணத்தில் தீர்த்தம் தளும்பக் கூடாது என்று திரும்பும்போது நடந்தே வந்தேன். வந்து பார்த்தால் மருத்துவச்சி பிள்ளையின் முகத்தை மூடியிருந்தாள். பத்து நாள் கழித்துச் சாமி வந்தார், சொன்னேன். "எந்தத் தண்ணியா இருந்தாலும் போதுமே தொம்மை" என்றார். "கிணத்துத் தண்ணி போதுமே." அவர் திட்டியிருக்கலாம். இன்றைக்கு அந்தக் கிணற்றுக்கு விளக்குப் போட்டுக் கண்ணாடி மூடி வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர், இப்போதும் கீழே மினுங்குகிறது, எட்டிப் பார்த்தேன், எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டு பையன்கள், இருவருக்கும் பிறந்த அன்றே நானே தண்ணீர் ஊற்றினேன், குடத்திலிருந்து. இருவரும் கப்பலில் இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

அதிகாரியிடம் சொல்லாததற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். பெட்டியும் எண்ணும் அவர்களுக்கு எதற்கு, பதிவேட்டுக்கு வராதவர்கள், நாமே எடுத்துக்கொள்வோம், உயிரோடு இருக்கிற தகப்பன்மாரைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை விடியற்காலை போய், இருபத்துமூன்று ஓலைப்பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு படி மணல், அது போதும், இத்தனை வருடத்தில் மணலைத் தவிர வேறு என்ன இருக்கப்போகிறது. ஓலைப்பெட்டிகூடச் சொல்லி வைத்தேன். ஊர் காலி செய்யக் கடைசி நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றுதான் நோட்டீசில் இருந்தது, அதை இப்போதும் வைத்திருக்கிறேன். ஆனால் கோயில் சாமான்களோடு நான் காலனியில் இருந்த புதன்கிழமையே மேற்குப் பக்கம் லாரிகள் வந்துவிட்டன, அந்தப் பக்கம் வீடு இல்லை, கல்லறை எல்லாம் எடுத்தாயிற்று என்று அவர்களிடம் இருந்த கணக்கு சொல்லியிருக்கும். என் கணக்கு. வெள்ளிக்கிழமை, தகப்பன்மாரிடம் சொல்லுமுன் நான் மட்டும் முதலில் போனபோது கடலும் இல்லை, சுவரும் இல்லை, செம்மண் மேடு ஒன்று இருந்தது. கையில் ஓலைப்பெட்டிகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு நான் அதன் முன்னால் நின்றேன். லாரிக்காரன் ஒருவன், "என்ன தாத்தா, பெட்டி விக்கவா?" என்று கேட்டான்.

காலனிக்கு வந்த நாலாம் நாள் மதலேன் என்னைத் தெருவில் நிறுத்தினாள். அவளுடையது மூன்று அங்கே இருந்தது, மூன்று. "கோயில்பிள்ளை, அதுகளை எடுத்தாச்சுல்லா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எடுத்தாச்சு என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை, வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரமாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொன்ன பிறகு அதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. மீன் இறக்குகிற துறைக்கு மூன்று நாள் போய், வலையில் வந்து கழித்துப் போட்ட சங்குகளைப் பொறுக்கினேன், அளவு பார்த்து, பழசு போலத் தெரியச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தேன். பூசைக்கு முன்னால் புதுத் தோட்டத்து மேற்கு மூலையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். இருபத்துமூன்று. தளும்பாமல், கோணாமல், சரியாக இருபத்துமூன்று. அன்று ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அந்த மூலையைப் பார்த்தார்கள், மதலேன் மட்டும் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறு கல்லறைத் திருநாள் ஆகிவிட்டது. ஆறு வருடமாக வெறும் மண்ணுக்கு மெழுகுவர்த்தி எரிகிறது. சலேத்தும் கொளுத்துவாள், ஆனால் அவள் சங்குகளுக்குப் பக்கத்தில் வர மாட்டாள், தள்ளி, தோட்டத்து வாசலிலேயே வைத்துவிடுவாள், ஏன் என்று நான் கேட்டதில்லை. எது நம்முடையது என்று தெரியாததால் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு எளிது.

இப்போது கையெழுத்து. இருநூற்றுப் பதினான்கு என்று கல்லில் வெட்டிவிட்டால் அதோடு முடிந்தது, எத்தனை பேர் வந்து வாசித்தாலும் அந்த இருபத்துமூன்றும் இருந்ததே இல்லை. நான் இன்னும் எத்தனை வருடம், எனக்குப் பிறகு யார் எண்ணுவார்கள். சரி, இருபத்துமூன்று என்று எழுதச் சொன்னால் அந்தப் பெண் கேட்பாள், அவங்களை எங்க மாத்தி வெச்சீங்க ஐயா என்று. அப்போது சலேத் பக்கத்தில் இருப்பாள். சொன்னால் அவளுக்குத் தெரியும், அவள் மூலம் மதலேனுக்கு, காலனி முழுக்க. கையைக் கண்ணில் ஒற்றிய மதலேனுக்கு. சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம். இரண்டு பஸ், பதினான்கு கிலோமீட்டர். போகும் வழியெல்லாம் அவள் பையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வருவாள். பத்து மணி இருபது. சலேத்தைப் பார்த்தேன். அவள் அந்தப் பாதி வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்த பாதி எங்கன்னு கேட்டீரா?" என்றாள். இல்லை என்றேன். "நீரு எங்க கேப்பீரு" என்றாள்.

மஞ்சரி வந்துவிட்டாள், காகிதத்தோடு. பின்னால் ஒரு ஆள் துணி போட்டு மூடின பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். காகிதத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். வீடுகள் நூற்றெண்பத்தேழு, சரி. வள்ளங்கள் அறுபத்துநான்கு, சரி. கிணறுகள் ஐந்து. "ஆறு தாயி" என்றேன், "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால உவர்க்கிணறு ஒண்ணு உண்டு, குடிக்க ஆகாது, ஆனா கிணறுதான்." அவளுக்கு ஒரே சந்தோஷம், "இதுக்குத்தான் ஐயா உங்களைக் கூப்பிட்டது, உங்களை மாதிரி யார் இவ்ளோ துல்லியமா சொல்லுவாங்க" என்று ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினாள். உவர்க்கிணற்றைச் சொல்ல எனக்கு நாக்கு வந்தது. அடுத்த வரி கல்லறைகள். பேனாவை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தபடி இருந்தேன். மை ஊறிக் காகிதத்தில் ஒரு புள்ளி விழுந்தது. "அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று மஞ்சரி தட்டின் துணியை விலக்கினாள். "வெளிய டிராலி நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல மழைத்தண்ணி போக வாய்க்கால் தோண்டினப்ப, ரொம்ப ஆழத்துல கிடைச்சுதாம். எல்லாம் ஒரே இடத்துல, எல்லாமே வாய் கீழ இருக்கிற மாதிரி. யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க. சங்கு குளிக்கிறவங்க சேத்து வெச்சதான்னு எழுதிரலாமான்னு கேக்குறாங்க. நான்தான் ஐயாவைக் கேக்காம எழுத வேண்டாம்னேன்."

எட்டு எட்டாக அடுக்கியிருந்தாள். முதல் வரிசை எட்டு, இரண்டாவது எட்டு, மூன்றாவது ஆறு. ஒவ்வொன்றிலும் சின்னதாக எண் எழுதிய சீட்டு. எனக்கு எல்லாம் தெரிந்தது, ஓரம் உடைந்தது பெர்க்மான்ஸ் வைத்தது, அந்தக் குட்டிச் சங்கு மதலேனின் நடுப்பிள்ளையுடையது. சாம்பல் போட்டுத் தேய்க்காத நிஜமான பழைய நிறம். இருபத்திரண்டு. தப்பாக எண்ணிவிட்டேன். மறுபடியும் எண்ணினேன், இருபத்திரண்டு. ஒன்று இல்லை. எது இல்லை என்று எனக்கு எண்ணாமலே தெரிந்துவிட்டது, இருந்தும் மூன்றாவது தடவை எண்ணினேன். ஆழத்தில் நொறுங்கியிருக்கும், மண்வெட்டி பட்டிருக்கும், எல்லாவற்றிலும் அது மட்டும்தானா, அதற்கு மட்டும் எதுவுமே நிலைக்காதா. "ஐயா?" என்றாள் மஞ்சரி. "இது பிள்ளைகள் தாயி" என்றேன். என் குரல்தானா என்று தெரியவில்லை. "தண்ணி ஊத்தாம போன பிள்ளைகள். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒரு பிள்ளை. நான் எடுக்கல. எடுத்தேன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். எடுக்கல. எல்லாம் இங்கதான் இருக்கு." சொல்லிவிட்டேன். கூரை விழவில்லை, வெளியே யாருடைய பெயரையோ ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், வாசல் மூன்றுக்கு வரச் சொன்னார்கள். மஞ்சரி கையை வாயில் வைத்துக்கொண்டு, சங்குகளில் ஒட்டியிருந்த எண் சீட்டுகளையே பார்த்தாள். நான் சலேத் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பையின் பித்தான் திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். பழைய பாவாடைத் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். சங்கு. பழுப்பேறிய, முதுகில் மூன்று வரி உள்ள சங்கு. "ஊரைக் காலி பண்ணுன வாரம், திங்கக்கிழமையே எடுத்துட்டேன்" என்றாள், என்னிடம் இல்லை, தட்டைப் பார்த்து. "இன்னிக்கி அது கெடக்குற எடத்துலயே வெச்சிட்டுப் போவலாம்னுதான் கொண்டாந்தேன். வண்டியா அடுக்கி வெச்சிருக்கான், ஒரு சாண் மண்ணு காணல." நான் கேட்டேன், நாற்பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அதைப் பற்றி அவளிடம் கேட்டேன், "அதுதான்னு உனக்கு எப்பிடிளா தெரியும்?" அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "மணி அடிச்சிட்டு வாரப்ப தெனம் பாப்பேனே. எட்டு வரைக்கும் ஒம்ம ஒதடு அசையும். ஒம்போதுக்குக் கடலைப் பாப்பீரு. பொறவு பத்துல இருந்து எண்ணுவீரு."

விமானம் ஒன்று ஏறியது. "அப்பம் நான் எடுக்கலங்கதும் ஒனக்கு..." என்று ஆரம்பித்தேன். "மெய்யாவே எடுத்திருந்தா ஒண்ணக் காணோமேன்னு ராவு பகலா தேடியிருப்பீரே" என்றாள். "புதுத் தோட்டத்துல இருபத்துமூணு வெச்சிருந்தீரு. நீரு இல்லாதப்ப ஒருநாள் வந்து எண்ணிப் பாத்தேன். இருபத்திரண்டுல்லா இருந்திருக்கணும்." ஆறு வருடம். ஆறு வருடமாக அவளுக்குத் தெரியும். நான் வைத்த கணக்கில் ஒன்றுகூடக் குறையாததால் தெரிந்திருக்கிறது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். "மதலேனுக்கு" என்றேன். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நீரே சொல்லணும்" என்றாள். "எல்லாரு முன்னாலயும். ஏசுவாளுக. ஏசட்டும். நான் பக்கத்துல நிப்பேன்."

மஞ்சரி மெதுவாகக் கேட்டாள், "ஐயா, கல்லுல எத்தனைன்னு போடட்டும்?" இருநூற்றுப் பதினான்கை அடிக்கவில்லை, அது சரிதான். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து எழுதத் தொடங்கினேன். சலேத் என் கையைத் தடுத்தாள். "எண்ணிட்டு எழுதும்" என்றாள். தட்டில் முதல் வரிசை எட்டுக்கு அடுத்து, ஓரமாக, தன் சங்கை வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். விரலை வைத்து ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு. இந்த அறையில் கடல் பக்கம் ஜன்னல் இல்லை. ஒன்பதைப் பார்த்தேன்.